ஜிடிஏ 6: பையன்களின் எதிர்பார்ப்பை நம்பிச் சீட்டுப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் நான்கு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கருவிகளை வைத்துச் சிறிய கேம் சென்டர் நடத்திவருகிறேன். ஆளுக்கு மணிக்கு 40 ரூபாய் வாங்குகிறேன். வருகிற பையன்கள் எல்லாரும் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6) என்ற வீடியோ கேம் பற்றியே பேசுகிறார்கள். எல்லாக் கட்டடத்துக்குள்ளும் போகலாம், ஒருவர் கதாநாயகன் ஜேசனாகவும் மற்றவர் கதாநாயகி லூசியாவாகவும் சேர்ந்து ஆடலாம், ஜிம்முக்குப் போனால் உடம்பு ஏறும், போலீஸ் உடனே வராது, சாட்சி சொன்னால்தான் வரும் என்று தினம் ஒன்று சொல்கிறார்கள். இரண்டு லட்சம் ரூபாய் ஏலச் சீட்டு ஒன்று கட்டிவருகிறேன். அதைத் தள்ளி எடுத்து, அதாவது ஏலத்தில் தள்ளுபடி விட்டு முன்கூட்டியே எடுத்து, மூன்று பிஎஸ்5 வாங்கலாமா? அல்லது இருக்கிற ஒரு கணினியை மேம்படுத்தினால் போதுமா?

பதில்: மூன்று வேண்டாம். ஒன்று வாங்குங்கள், அதையும் ஆட்டம் வெளிவரும் வாரத்தில் வாங்கினால் போதும். கணினிக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பையன்கள் சொல்லும் ஒவ்வொரு அம்சமும் உங்கள் கல்லாவை வெவ்வேறு விதமாகத் தொடும்.

முதலில் கணினியை முடித்துவிடலாம். இந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்திருப்பது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய கருவிகளுக்கு மட்டுமே. உங்களிடம் உள்ள பிஎஸ்4-களுக்கு இந்த ஆட்டம் கிடையாது. அந்த நிறுவனத்தின் வழக்கமும் இதுதான். ஜிடிஏ 5 முதலில் 2013 செப்டம்பரில் பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. கணினிக்கு வர 2015 ஏப்ரல் ஆயிற்று. அவர்களுடைய இன்னோர் ஆட்டமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வெளியானது 2018 அக்டோபரில், கணினிக்கு வந்தது 2019 நவம்பரில். ஆகவே, இன்று வாங்கும் கிராஃபிக்ஸ் கார்டு அந்த நாள் வரும்போது பழசாகியிருக்கும்.

இனி அம்சங்கள். உங்கள் கடையில் பேசப்படுபவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். நிறுவனம் தன் வாயால் சொன்னது, ட்ரெய்லரில் கண்ணால் காண்பது, முந்தைய ஆட்டங்களை வைத்து நியாயமாக ஊகிப்பது, வெறும் ஆசை என்று அவற்றை நான்காகப் பிரித்துப் பாருங்கள். சொன்னவை சிலவே. லியோனிடா என்ற மாநிலம், அதற்குள் வைஸ் சிட்டி நகரம், சதுப்பு நிலமான கிராஸ்ரிவர்ஸ், தீவுகள், மவுண்ட் கலாகா தேசியப் பூங்கா ஆகிய பகுதிகள், ஜேசன் டுவால், லூசியா கமினோஸ் என்ற இரண்டு முதன்மைப் பாத்திரங்கள், இவை உறுதி. 2025 மே மாதம் வந்த இரண்டாவது ட்ரெய்லர் முழுவதும் பிஎஸ்5 கருவியிலேயே பதிவானது என்றும், அதில் பாதி ஆட்டக் காட்சி, பாதி கதைக் காட்சி என்றும் நிறுவனம் தெரிவித்தது. அந்த ட்ரெய்லரில் ஜேசன் எடை தூக்குகிறார். அதைப் பார்த்துத்தான் "ஜிம்முக்குப் போனால் உடம்பு ஏறும்" என்ற பேச்சு பிறந்தது. ஆனால் அவர் எடை தூக்குவது தெரிகிறதே ஒழிய, கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவர் அதைச் செய்ய முடியுமா என்பது அந்தக் காட்சியில் இல்லை.

அந்த ஆசைக்கு ஒரு வேர் இருப்பதை மறுக்க மாட்டேன். 2004-இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் அளவுக்கு மீறித் தின்றால் நாயகன் சிஜேவுக்குத் தொப்பை போட்டது, ஜிம்மில் உழைத்தால் தோள் அகன்றது, இரவில் வேனை எடுத்துக்கொண்டு வீடு புகுந்து திருடவும் முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து வந்த ஜிடிஏ 4-இல் இவற்றில் பெரும்பாலானவை காணாமல் போயின. விமானம் ஓட்டும் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. ஜிடிஏ 5-இல் விமானம் திரும்பி வந்தது, தொப்பை வரவில்லை. வரிசையில் அடுத்து வருவது முந்தையதில் இருந்த எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரும் என்று ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். இந்தத் தொடர் அப்படி நடந்ததே இல்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி ஆட்டத்தை ஆடுவோம். சீட் கோடுகளை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருப்போம், பாலத்திலிருந்து கார் தண்ணீரில் விழுந்தால் நாயகன் டாமி நீந்தத் தெரியாமல் செத்துப்போவான். அடுத்த ஆட்டத்தில் பறக்க முடிய வேண்டும், வீடு கட்ட முடிய வேண்டும் என்று என்னென்னவோ பேசினோம். நீச்சல் வேண்டும் என்று எங்களில் ஒருவன்கூடக் கேட்டதாக நினைவில்லை. சான் ஆண்ட்ரியாஸில் வந்தது நீச்சல்.

எல்லாக் கட்டடத்துக்குள்ளும் போகலாம் என்பதுதான் இருப்பவற்றில் மிகப் பெரிய எதிர்பார்ப்பு. கீழமாசி வீதியில் உள்ள ஒரு மளிகை மொத்தக் கடையை எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெயர்ப் பலகை, ஒரு ஷட்டர். விளையாட்டு வடிவமைப்பாளருக்கு அது அரை நாள் வேலையாக இருக்கலாம். உள்ளே நுழைய விட வேண்டுமானால் மிளகாய் மூட்டை, தராசு, கல்லாப்பெட்டி, சுவரில் தொங்கும் காலண்டர், அதன் மேல் விழும் குழல்விளக்கு வெளிச்சம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். அதற்கும் மேலாக, உள்ளே நுழைகிறவன் துப்பாக்கியை நீட்டினால் கல்லாவில் இருப்பவர் என்ன செய்வார், மூட்டை தூக்குகிறவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்பதையும் எழுத வேண்டும். இப்படி நான்கு மாசி வீதிகளிலும் உள்ள ஒவ்வொரு கதவுக்கும் செய்வதை யாரும் செய்யமாட்டார்கள். செய்தாலும் அதில் பாதிக் கதவை ஆடுகிறவர் தொடவே மாட்டார். ஜிடிஏ 5-இல் துணிக்கடை, முடிதிருத்தகம், ஆயுதக் கடை, பெட்டிக்கடை போன்றவை மட்டுமே திறந்தன. ஆனால் இதே நிறுவனத்தின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் சிற்றூர்க் கட்டடங்கள் பலவற்றுக்குள் தாராளமாகப் போய்வர முடிந்தது. ஆகவே, ஜிடிஏ 5-ஐவிடக் கூடுதலான கதவுகள் திறக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம், எல்லாக் கதவும் திறக்கும் என்பது ஆசை. போலீஸ் விஷயமும் இதே வகைதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் குற்றத்தைப் பார்த்தவர் ஓடிப்போய்ச் சொன்ன பிறகே காவலர் வருவார்கள், நடுவழியில் அவரை மறித்து மிரட்டவும் செய்யலாம். அந்த முறை இங்கும் வரும் என்று உங்கள் பையன்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

உங்கள் தொழிலைத் தீர்மானிக்கப்போவது இவற்றில் எதுவும் இல்லை, இரண்டு பேர் சேர்ந்து ஆடலாமா என்ற கேள்விதான். சான் ஆண்ட்ரியாஸின் பிஎஸ்2 பதிப்பில் இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகி, ஒரே திரையில் இருவர் ஓரளவு ஆட முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஜிடிஏ 4-இலும் ஜிடிஏ 5-இலும் ஒரே டிவியில் இருவர் ஆடும் வசதி இல்லை. ஜிடிஏ 5-இல் மூன்று நாயகர்கள் இருந்தும் மூவரையும் மாற்றி மாற்றி ஆடியவர் ஒருவர்தான். இரண்டு முதன்மைப் பாத்திரங்கள் இருப்பதாலேயே இரண்டு பேர் ஆடலாம் என்று முடிவு கட்டுவது, வீட்டில் இரண்டு வாசல் இருப்பதால் இரண்டு குடும்பம் குடியிருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. அப்படி ஒரு வசதியை நிறுவனமே அறிவித்தால் ஒழிய, ஒரு கருவிக்கு ஒரு ஆள் என்றே கணக்குப் போடுங்கள்.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். கால்பந்து ஆட்டத்துக்கு நான்கு கன்ட்ரோலர் கொடுத்து நான்கு பேரை உட்கார வைத்தால் உங்கள் பழைய பிஎஸ்4 ஒன்றே மணிக்கு 160 ரூபாய் தருகிறது. ஜிடிஏ 6-க்குப் புதுச் சரக்கு என்று 60 ரூபாய் வைத்தாலும் ஒரு ஆள்தான் உட்காருவார், பின்னால் நான்கு பேர் இலவசமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 240 ரூபாய். கருவிக்கு 55,000 என்று வைத்துக்கொண்டால், ஆட்டத்தின் விலை, மின்கட்டணம், கன்ட்ரோலர் தேய்மானம் ஆகியவற்றைச் சேர்க்காமலேயே போட்ட முதல் திரும்பக் கிடைக்க ஏறத்தாழ 230 நாள் ஆகும். ஒரு கருவி என்றால் அதைத் தாங்கலாம், அது கடைக்குக் கூட்டத்தை இழுக்கும், காத்திருப்பவர்கள் பக்கத்து பிஎஸ்4-இல் கால்பந்து ஆடுவார்கள். மூன்று கருவிகள் என்றால் காத்திருப்பு குறையும், அதனால் கால்பந்து வருமானமும் குறையும். பெரிய வெளியீட்டுக்கு முதல் மாதம் இருக்கும் வேகம் நான்காவது மாதம் இருப்பதில்லை என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் பகுதி வந்தால் நிலைமை மாறாதா என்று கேட்கலாம். மாறும், ஆனால் முதல் நாளே மாறும் என்று எண்ண வேண்டாம். ஜிடிஏ ஆன்லைன், ஜிடிஏ 5 வெளியாகி இரண்டு வாரம் கழித்து 2013 அக்டோபர் 1-இல்தான் தொடங்கியது, தொடங்கிய நாள்களில் சர்வர் கோளாறுகளால் திணறியது. ரெட் டெட் ஆன்லைன் ஒரு மாதம் கழித்து வந்தது. அத்தகைய பகுதி வந்து, அதற்கு உங்கள் கடையில் உண்மையிலேயே கூட்டம் சேர்ந்தால், அப்போது இரண்டாவது கருவியைப் பற்றி யோசிக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கணக்கும் தனிச் சந்தாவும் தேவைப்படும் என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டங்களின் உரிம ஒப்பந்தங்கள் பொதுவாக வீட்டுப் பயன்பாட்டுக்கு என்றே எழுதப்படுகின்றன. பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை என்றாலும், நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாங்கும் அந்த ஒரு கருவியில் டிஸ்க் டிரைவ் உள்ளதையே எடுங்கள். உங்களிடம் ஏற்கனவே உள்ள பிஎஸ்4 டிஸ்க்குகளும் அதில் ஓடும், தேவை முடிந்த டிஸ்க்கைக் கைமாற்றிவிடவும் முடியும். நொடிக்கு 60 பிரேமுக்கும் மேல் ஓடும் என்று நம்பி 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கிவிடாதீர்கள், ஏனென்றால் ஜிடிஏ 5-உம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-உம் பிஎஸ்4-இல் 30 பிரேமில்தான் ஓடின. கருவியின் சேமிப்பகத்தில் இடத்தைத் தாராளமாக ஒதுக்கி வையுங்கள், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிஎஸ்4-இல் இரண்டு டிஸ்க்காக வந்து 100 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொண்டது. முதல் நாளே பெரிய அப்டேட் ஒன்று இறங்கும் என்பதால், கடையைத் திறப்பதற்கு முந்தைய இரவே அதை முடித்துவிடுவது நல்லது. சித்திரை, வைகாசியில் மின்சாரம் போய் வரும்போது கருவி பாதியில் அணைந்தால் சேமிப்பு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. ஒரு யுபிஎஸ் அவசியம்.

கேம் சென்டர் நடத்துகிறவர்கள் தவறவிடுகிற ஒன்று சேமிப்புக் கோப்பு. இது கதை ஆட்டம், ஒருவர் பத்து நாள் வந்து 20 மணி நேரம் ஆடியிருப்பார். அடுத்து வந்தவர் அதே பயனர் கணக்கில் புதிதாகத் தொடங்கினால் முன்னவருடைய ஆட்டத்தின் மேல் இவருடையது பதிந்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இதற்காகவே இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிஎஸ்5-இல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பயனர் பெயர் உருவாக்கிக் கொடுங்கள், சேமிப்பு அந்தந்தப் பெயரின் கீழேயே நிற்கும். தன் ஆட்டம் உங்கள் கருவியில் இருக்கிற வரையில் அவர் வேறு கடைக்குப் போகமாட்டார். இப்போதைக்கு அறிவிப்பே தேவைப்படாத அம்சம் இது ஒன்றுதான்.

வயது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிடிஏ 5-க்கு ஐரோப்பிய மதிப்பீடு 18 வயது, அமெரிக்க மதிப்பீடு 17 வயது. வரப்போவதும் வன்முறையில் குறைந்ததாக இராது. பள்ளிச் சீருடையில் வருகிற பையனை அந்தக் கருவியில் உட்கார வைக்காதீர்கள், திருமங்கலம் அளவுள்ள ஊரில் ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டால் அது மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதேபோல், கைப்பேசியில் "ஜிடிஏ 6 டெமோ" என்று கிடைக்கும் கோப்புகளைக் கடைக் கணினியில் இறக்க யாரையும் விடாதீர்கள். கைப்பேசிக்கு இந்த ஆட்டம் அறிவிக்கப்படவே இல்லை. முன்பதிவு என்று எந்தக் கடையாவது பணம் கேட்டால், நிறுவனத்தின் அதிகாரபூர்வ விலையும் பதிப்பு விவரமும் கண்ணில் பட்ட பிறகே கொடுங்கள்.

கடைசியாக, சீட்டு. இந்த ஆட்டம் முதலில் 2025-இல் வருவதாக இருந்து, 2026 மே 26-க்குத் தள்ளிப்போய், பிறகு 2026 நவம்பர் 19-க்கு மாறியது. அந்தத் தேதி தீபாவளி கழிந்து பதினோரு நாளில் வருகிறது. இரண்டு முறை நகர்ந்த தேதியை நம்பி, அதிகக் கசர் (ஏலத் தள்ளுபடி) விட்டு இப்போதே சீட்டைத் தள்ளி எடுத்தால், கருவி அட்டைப்பெட்டியில் கிடக்கும் மாதங்களுக்கும் சேர்த்து நீங்கள் நட்டப்படுவீர்கள். ஒரு கருவிக்கு மட்டும் பணம் தேவை என்பதால் ஐப்பசி மாத ஏலம் வரை காத்திருங்கள். அதற்குள் தேதி மறுபடியும் நகர்ந்தாலும் உங்கள் தள்ளுபடித் தொகையும் குறைந்திருக்கும், நான்கு பிஎஸ்4-களும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.