ரெய்டு கார்டு தெரியவில்லை, டிஸ்க்கை ஃபார்மேட் செய்யலாமா?

கேள்வி: மயிலாடுதுறையில் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் கம்ப்யூட்டரில் எட்டு போர்ட் எல்எஸ்ஐ கம்பெனி ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒரே டிரைவாகச் சேர்த்து நடத்தும் கார்டு) இருக்கிறது. நான்கு 4 டிபி டிஸ்க்குகளை அதில் மாட்டி ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் முறை) ஆக வைத்திருக்கிறோம். விண்டோஸ் மட்டும் தனியாக எம்.2 எஸ்எஸ்டியில். ஐப்பசி மழையில் ஒரு வாரம் கடையைப் பூட்டியிருந்தோம். திறந்து போட்டால் விண்டோஸ் வருகிறது, ஆனால் தொடக்கத்தில் வரும் கார்டின் திரை வரவில்லை, டிரைவும் இல்லை. கம்ப்யூட்டரில் தேதியும் பழையதாகக் காட்டுகிறது. சர்வீஸ் செய்பவர், "கார்டு போயிடுச்சு, டிஸ்க்கை எல்லாம் மதர்போர்டுலயே மாட்டி ஃபார்மேட் பண்ணிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஃபார்மேட் என்ற பேச்சே இப்போது வேண்டாம்.

உங்கள் கல்யாணப் பதிவுகள் கார்டில் இல்லை, டிஸ்க்குகளில் இருக்கின்றன. எந்த டிஸ்க் எந்த வரிசை, டேட்டா எந்த அளவு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது என்ற குறிப்பையும் இந்தக் கார்டுகள் டிஸ்க்குகளிலேயே எழுதி வைக்கின்றன. ஆகவே கார்டு உண்மையிலேயே செத்திருந்தாலும் பதிவுகளை மீட்க வழி உண்டு. அந்த வழியை அடைப்பது நாம் அவசரத்தில் அழுத்தும் ஒரு பட்டன்தான். ரெய்டில் இருந்த டிஸ்க்கை நேரடியாக மதர்போர்டில் மாட்டினால், அது புது டிஸ்க் என்று நினைத்து 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஓகே கொடுத்தால் டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதும். ஜிபிடி (டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் அட்டவணையின் புது வகை) என்றால் அதன் நகலைக் கடைசியிலும் எழுதும். ரெய்டு குறிப்பு பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் கரண்டை நிறுத்துங்கள். எந்த டிஸ்க் எந்தக் கேபிளில் இருந்தது என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான்கு டிஸ்க்குகளின் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றிவிடுங்கள். டிஸ்க் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கார்டு தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். எனவே இனிச் செய்யும் சோதனை எல்லாம் டிஸ்க் இல்லாமல்தான். (கார்டில் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கரண்ட் திடீரென்று போயிருந்தால், எழுதி முடியாத டேட்டாவைப் பேட்டரி சுமார் 3 நாள் வரை காத்து வைக்கும். அதற்குள் பேட்டரியைக் கழற்றக் கூடாது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது.)

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தேதி பழையதாகக் காட்டுகிறது என்றீர்களே, நான் முதலில் பிடிப்பது அதைத்தான். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. மெயின் ஸ்விட்ச்சை அணைத்து ஒரு வாரம் பூட்டியதால் அது வெளியே தெரிந்திருக்கிறது. அந்த பேட்டரி போனால் தேதியோடு பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) செட்டிங்குகளும் கம்பெனியில் வந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். கார்டைப் பொருத்தியவர் அன்று மாற்றி வைத்தவை எல்லாம் அதோடு போகும்.

இதில் இரண்டு செட்டிங் உங்களுக்கு முக்கியம். ஒன்று சிஎஸ்எம் (CSM), பழைய முறைத் தொடக்கத்துக்கு இடம் கொடுக்கும் பயாஸ் வசதி. பழைய கார்டுகளின் தொடக்கத் திரை வர அது ஆன் ஆக இருக்க வேண்டும். ஆனால் திரை வராததால் மட்டும் கார்டு இல்லை என்று ஆகாது; திரை வராமலே விண்டோஸில் டிஸ்க் வரும் இயந்திரங்கள் நிறைய. இன்னொன்று, கார்டு நிற்கும் ஸ்லாட். பல மதர்போர்டுகளில் கீழே உள்ள நீள ஸ்லாட்டும் எம்.2 இடமும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எம்.2-வில் எஸ்எஸ்டி இருந்தால் அந்த ஸ்லாட் முழுக்க அணைந்துவிடும், அல்லது பயாஸில் ஒதுக்கிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். உங்கள் போர்டின் கையேட்டில் இது அட்டவணையாக இருக்கும். பேட்டரியை மாற்றி, இந்த இரண்டையும் சரிசெய்து பாருங்கள். அங்கே உள்ள சாட்டா மோடை (டிஸ்க் இணைப்பு முறை) மட்டும் தொடாதீர்கள், இப்போதைய அமைப்பில் விண்டோஸ் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்து விண்டோஸில் உள்ள டிவைஸ் மேனேஜர், அதாவது மாட்டிய சாதனங்களின் பட்டியல். அங்கே மஞ்சள் குறியோடு ஏதாவது இருந்தால் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வென் (VEN) என்பதை அடுத்து 1000 என்று இருந்தால் அது எல்எஸ்ஐ கார்டுதான். அப்படியானால் கார்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்). அடியோடு இல்லையென்றால் மின்தொடர்பைத்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைத்த அறையில் ஒரு வாரம் அடைமழை ஈரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். அரிசி ஆலைக்குப் பக்கத்துக் கடையென்றால் எண்ணெய்ப் பசையுள்ள தவிட்டுத் தூசி, ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்டைக் கழற்றி அடியில் உள்ள தங்க முலாம் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகவோ பச்சையாகவோ திட்டு இருந்தால், பஞ்சு உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பற்களின் நீளவாக்கில் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. முலாம் தேயும், துகளும் ஸ்லாட்டுக்குள் போகும். ஸ்லாட்டை ஊதும்போது வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் சேர்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, கிராபிக்ஸ் கார்டு இருக்கும் மேல் ஸ்லாட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். ப்ராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே சோதிக்கலாம்.

இந்தக் கார்டுகள் சர்வருக்காகச் செய்தவை. பலவற்றுக்கு நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று ஓட வேண்டும். வீட்டு டவர் கேபினெட்டில் அது கிடைக்காது. சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அடியில் உள்ள பேஸ்ட் காய்ந்து சிப் வெந்துபோகும். கம்ப்யூட்டர் ஆறியிருக்கும்போது கார்டு தெரிந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் காரணம் சூடுதான். பேஸ்ட்டை மாற்றி, ஹீட் சிங்க் மேல் சின்ன ஃபேன் ஒன்று வையுங்கள்.

இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. அங்கே கார்டு போட்டவுடன் கம்ப்யூட்டரே ஆன் ஆகாமல் நின்றால் பதறாதீர்கள். சில சர்வர் கம்பெனிக் கார்டுகள் சாதாரண போர்டுகளில் அப்படித்தான் செய்யும். கார்டின் பி பக்கத்தில் ஐந்தாவது, ஆறாவது பற்கள் (B5, B6) மேல் மெல்லிய காப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவுக்கும் வரவில்லையென்றால் கார்டு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பழையதின் மேல் இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து, அதே மாடலைத் தேடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய சர்வர் கார்டுகள் வரும். வேறு கம்பெனிக் கார்டு உங்கள் டிஸ்க்குகளைப் படிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

கார்டு, பழையதோ புதியதோ, தெரிந்த பிறகு கம்ப்யூட்டரை அணைத்து நான்கு டிஸ்க்குகளையும் ஒன்றாக மாட்டுங்கள். ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால் ரெய்டு உடைந்ததாகக் கார்டு நினைத்துக்கொள்ளும். புதுக் கார்டு 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' (வேறு கார்டில் செய்த அமைப்பு) என்று சொல்லும். 'இம்போர்ட்' கொடுங்கள். 'கிளியர்', 'இனிஷியலைஸ்', 'கிரியேட் நியூ' மூன்றையும் தொடாதீர்கள், யார் சொன்னாலும். இம்போர்ட் செய்யும் முன் காட்டும் திரையில் நான்கு டிஸ்க்குகளும் ஆன்லைன், அளவு சுமார் 12 டிபி (கணக்கிடும் முறையால் திரையில் 10.9 என்று காட்டலாம்) என்று இருக்கிறதா பாருங்கள். ஒன்று குறைந்து மூன்று மட்டும் வந்தால் ரெய்டு 5 அதிலும் ஓடும், ஆனால் அதுதான் கடைசி எல்லை. அந்த நிலையில் ரீபில்டு (காணாத டிஸ்க்கின் டேட்டாவைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதுவது) ஆரம்பிக்காமல், முதலில் தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆல்பங்களின் மூலப் பதிவுகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள், அப்புறம் மற்றவை. இரண்டு டிஸ்க் காணவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி, நான்கு டிஸ்க்குகளையும் கார்டையும் ஸ்டிக்கரோடு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.