உபுண்டு மேம்படுத்தியபின் திரை கறுத்தவர்களுக்கு: கேள்வி பதில்

உபுண்டு லினக்ஸ் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு ஏறியவர்கள் கேட்டவைதான் பெரும்பாலும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, அப்கிரேடு முடிஞ்சு ரீபூட் பண்ணேன். லோகோ வருது, அப்புறம் ஒரே கறுப்பு. இடது மூலையில ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்குது. என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப். ஃபார்மட் பண்ணிடவா?

பதில்: கையை எடுங்கள் தம்பி. முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் சிஸ்டம் நலம், படம் வரைகிற பகுதிக்கு மட்டும்தான் சிக்கல்.

அதுவும் வரவில்லையா? மெஷினை அணைத்துப் போட்டதும் எஸ்கேப் பொத்தானை ஒரே ஒரு முறை தட்டுங்கள் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்). பதற்றத்தில் நாலு தட்டு தட்டினால் 'க்ரப்' (பூட் மெனுவைக் காட்டும் நிரல்) என்று ஒரு வெறுந்திரையில் போய் நிற்கும். அங்கே 'நார்மல்' என்று தட்டி என்டர் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு எஸ்கேப். மெனு வந்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். இல்லையென்றால் முதல் வரிமேல் நின்று 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடம் விட்டு 'நோமோட்செட்' (கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுங்கச் சொல்லும் சொல்) சேர்த்து எஃப்10. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகிறது? என்விடியா டிரைவரின் ஒரு பாதி கர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூல். ஒரு கர்னலுக்கென்று கட்டிய மாட்யூல் அடுத்த கர்னலில் ஏறாது. 22.04 வெளிவந்தபோது கர்னல் 5.15, 24.04-இல் 6.8. கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் திரும்பக் கட்டித் தருவது டிகேஎம்எஸ்ஸின் வேலை. அது எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். புது கர்னல் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' இல்லையென்றால் பெரும்பாலும் ஹெடர் கோப்புகள் (மாட்யூல் கட்டத் தேவையான கர்னல் விவரங்கள்) இல்லை. 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' பொதியைப் போட்டால் கட்டுமானம் தானே ஓடும். ஹெடர் இருந்தும் விழுகிறது என்றால் 'டிஎஃப் -எச்' கொடுத்து பூட் பார்ட்டிஷனைப் பாருங்கள். பழைய கர்னல்கள் அடைத்துக்கொண்டு நூறு சதவீதம் காட்டினால் புதிய இனிட்ராம் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும்) கோப்பு எழுத இடமிருக்காது, 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்துக் காலி செய்யுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மட்டும் பழைய என்விடியா பொதிகளைப் பர்ஜ் செய்துவிட்டு (அடியோடு நீக்கிவிட்டு) 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'.

அவரே மறுபடி: ஹெடர்ஸ்தான் இல்லண்ணா! போட்டதும் வந்துடுச்சு.

கேள்வி: அப்டேட் ஓடி முடிந்ததும் என்விடியா-எஸ்எம்ஐ (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் 'டிரைவர், லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்கிறது. டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா?

பதில்: ரீஸ்டார்ட் செய்யுங்கள். நினைவகத்தில் பழைய மாட்யூல் ஓடுகிறது, வட்டில் புதிய லைப்ரரி வந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

கேள்வி: சார், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டது, ஏதோ கொடுத்தேன். ரீபூட்டில் நீலத் திரை வந்தது, பயந்துபோய் 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டேன். இப்போது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வருகிறது. செக்யூர் பூட்டை அணைத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: அந்த நீலத் திரையைக் கண்டு பயப்படாதவர் யார்! நானும் முதல் தடவை அதே 'கன்டினியூ'வைத்தான் அழுத்தினேன். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. உங்கள் மெஷினில் கட்டிய மாட்யூலுக்கு உங்கள் மெஷினே ஒரு சாவியால் (அதன் பெயர் 'மோக்') கையொப்பம் போட்டிருக்கிறது. அந்தச் சாவியைப் பூட் ஏற்றும் 'ஷிம்' நிரல் ஏற்க, நீங்கள் நேரில் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த நீலத் திரை.

'சூடோ மோக்யூடில்' கட்டளையை 'இம்போர்ட்' விருப்பத்தோடு கொடுத்து, வார் - லிப் - ஷிம்-சைன்டு - மோக் என்ற ஃபோல்டர் வரிசையில் இருக்கும் 'மோக்.டெர்' கோப்பைக் காட்டுங்கள். கோப்பின் பெயரில் 'மோக்' மட்டும் பெரிய எழுத்து. பாஸ்வேர்டை வெறும் எண்களாக வையுங்கள், நீலத் திரையில் கீபோர்டு அமைப்பு மாறியிருந்தாலும் எண்களில் குழப்பம் வராது. ரீபூட் செய்து, திரை வந்ததும் உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள், சில நொடிதான் காத்திருக்கும். பிறகு 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்ட்.

அணைப்பது சுலபம்தான். ஆனால் அதே மெஷினில் விண்டோஸும் பிட்லாக்கரும் (வட்டைப் பூட்டும் வசதி) இருந்தால், அடுத்த முறை விண்டோஸ் ரெக்கவரி சாவி கேட்டு வாசலில் நிறுத்தக்கூடும்.

கேள்வி: ஜிடி 730 கார்டு. 24.04-இல் எந்த டிரைவர்?

பதில்: ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்களை விற்றார்கள். 'எல்எஸ்பிசிஐ' கொடுத்துப் பாருங்கள். ஜிகே208 என்றால் கெப்ளர் தலைமுறை, 470 வரிசை டிரைவர் எடுக்கும். அதற்கும் என்விடியாவின் ஆதரவு 2024-உடன் முடிந்தது. ஜிஎஃப்108 என்றால் ஃபெர்மி, அதன் கடைசி வரிசை 390, 2022-உடன் சரி. ஃபெர்மிக்கு நான் சொல்வது நூவோ (என்விடியா கார்டுகளுக்கான திறந்தமூல டிரைவர்). படம் பார்க்க, எழுத, பிரவுசருக்குப் போதும். ஜிடிஎக்ஸ் 1050, 1060 வைத்திருப்பவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: பாஸ்கல் கார்டுகளுக்கு 580 தான் கடைசி வரிசை.

கேள்வி: இன்டெல் கிராஃபிக்ஸ்தான். போன மாதம் யாரோ சொன்னார்கள் என்று நோமோட்செட்டை க்ரப் கோப்பிலேயே எழுதிவிட்டேன். இப்போது ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது, 'அபவுட்' பக்கத்தில் கிராஃபிக்ஸ் 'எல்எல்விஎம்பைப்' என்று இருக்கிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, அந்த நோமோட்செட்தான். அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர் வேலையைத் தொடாது. ஒவ்வொரு புள்ளியையும் சிபியு உட்கார்ந்து வரைகிறது, அதன் பெயர்தான் எல்எல்விஎம்பைப். க்ரப் கோப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'சூடோ அப்டேட்-க்ரப்', ரீபூட். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் டிரைவர் கர்னலிலும் மெசாவிலும் (படம் வரையும் திறந்தமூல லைப்ரரி) ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதுவும் தேட வேண்டாம்.

எடுத்தபின்னும் அப்படியே காட்டினால், முன்பு ஏதாவது பிபிஏவிலிருந்து (வெளியார் நடத்தும் பொதிக் களஞ்சியம்) புது மெசா போட்டீர்களா என்று யோசியுங்கள். மேம்படுத்தும்போது உபுண்டு பிபிஏக்களை முடக்கிவிடும், அங்கிருந்து வந்த பொதிகள் மட்டும் அனாதையாக நிற்கும். 'பிபிஏ-பர்ஜ்' அவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்குத் திருப்பும்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸ். ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்திலிருந்து என்விடியா டிரைவர் போட்டு உடனே ரீபூட் செய்தேன், நூவோவில்தான் ஏறுகிறது.

பதில்: அந்த 'உடனே'தான் தப்பு. ஏக்மாட் (டிகேஎம்எஸ் போல மாட்யூல் கட்டித் தருவது) பின்னணியில் கட்டிக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டீர்கள். 'சூடோ ஏக்மாட்ஸ் --ஃபோர்ஸ்' கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். 'மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' (இதில் 'எஃப்' மட்டும் பெரிய எழுத்து) ஓர் எண்ணைக் காட்டினால்தான் ரீபூட்.

கேள்வி: புதிதாக ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கினேன். டிரைவர் போட்டாலும் கார்டு தெரியவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியது சரிதானோ?

பதில்: அது 2012-இல், ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில். அன்று நானும் கைதட்டியிருப்பேன். 2022 மே மாதம் என்விடியா கர்னல் மாட்யூலின் மூலநிரலைத் திறந்துவிட்டது. டூரிங் தலைமுறைச் சிப் முதல் அது ஓடும். உங்கள் 50 வரிசைக்கோ திறந்த மாட்யூல் மட்டும்தான். நீங்கள் போட்டது மூடியது. அதை எடுத்துவிட்டு, பெயரின் முடிவில் 'ஓப்பன்' என்று இருக்கும் 570 அல்லது அதற்கு மேற்பட்ட பொதியைப் போடுங்கள். கோபம் குறையும்.

கேள்வி: டிரைவரை என்விடியா கம்பெனி தளத்திலிருந்து டாட் ரன் கோப்பாக இறக்கிப் போட்டேன். ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் திரை போகிறது.

பதில்: போகத்தான் செய்யும். அது ஆப்ட்டுக்கு (உபுண்டுவின் பொதி நிர்வாகி) தெரியாமல் பின்கதவு வழியாக வந்தது. கர்னல் மாறும்போது அதற்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லை. எழுத்துத் திரையில் 'சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' ஓட்டிவிட்டு உபுண்டு பொதிக்கு வாருங்கள். அந்தக் கட்டளையே இல்லை என்றால், அதே டாட் ரன் கோப்பை 'அன்இன்ஸ்டால்' விருப்பத்தோடு ஓட்டலாம். கோப்பை அழித்துவிட்டீர்களா? அதே பதிப்பைத் திரும்ப இறக்குங்கள்.