கண்ணில் வளரும் சதையை அகற்றினால் கருவிழிக்கும் பார்வைக்கும் என்ன ஆகும்?

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியுள்ள மெல்லிய சவ்வு, பெரும்பாலும் மூக்கோரத்திலிருந்து, முக்கோண வடிவில் கருவிழியின் மீது படர்வதையே டெரிஜியம் என்கிறோம். கூடாரத் துணியை ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டினால் அதன் வளைவு கோணிப்போவதுபோல, இச்சதை கருவிழியைக் கிடைமட்டமாகத் தட்டையாக்குவதால் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை, உண்டாகி, எழுத்துகள் நிழலடித்துத் தெரிகின்றன. சதையை நீக்கி, பொதுவாக அதே கண்ணின் மேலிமைக்கு அடியிலிருந்து எடுத்த சவ்வை அவ்விடத்தில் பொருத்தும்போது, இழுப்பு விலகி வளைவு பெருமளவு சீராகிறது; பொருத்தாமல் வெறுமனே விட்டால் சதை மீண்டும் வளரும் வாய்ப்பு மிகுதி. வளைவு நிலைபெற ஓரிரு மாதங்களாவது ஆகுமென்பதால், அதற்குள் புதுக் கண்ணாடி வாங்குவது வீண்செலவே. கண்மணிக்கு நேரே படர்ந்தபின் அகற்றினால், மெல்லிய தழும்பு தங்கிப் பார்வை ஓரளவு மங்கலாகவே இருக்கலாம். பலர் இதைக் கண்புரை என்று எண்ணுகிறார்கள். புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் உண்டாவது, இதுவோ மேற்பரப்பில் வளர்வது.