தெரு வெறிச்சோடியது எதனால்?

கேள்வி: ராமாயணம் தொடர் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். இன்று இத்தனை சேனல் இருந்தும் அப்படி ஒரு நிகழ்ச்சி கிடையாது. தரம் போய்விட்டது என்கிறேன். சரிதானே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தரம் இருக்கட்டும். அன்று உங்கள் டிவியில் எத்தனை சேனல் வந்தது? 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியபோது நமக்கு வாய்த்தது தூர்தர்ஷன் மட்டும்தான். பிடிக்காவிட்டால் மாற்ற முடியாது, அணைக்கலாம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த உரிமையும் கிடையாது.

இந்தி தெரியாத நம் ஜனங்களில் எத்தனையோ பேர் அந்த 78 பகுதிகளையும் பார்த்தார்கள். தெரிந்த கதை என்பது பாதிக் காரணம். ஞாயிறு காலையில் போக்கிடம் இல்லாதது மீதிப் பாதி. அடுத்து 1988 அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் அதே காலைப்பொழுதைப் பிடித்துக்கொண்டு 94 பகுதிகள் ஓடியது.

நீங்கள் காலையோடு நினைவை நிறுத்திக்கொண்டீர்கள். மதியத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஞாயிறு மதியம் தேசிய விருது வாங்கிய மாநில மொழிப் படங்கள், கீழே ஆங்கில வரிகளோடு வரும். தரம் என்றால் அதுதான் தரம். அந்த நேரத்தில் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன், நீங்களும் இருந்திருப்பீர்கள். சாயங்காலம் சென்னைத் தொலைக்காட்சியில் தமிழ்ப்படம். எவ்வளவு அரதப்பழசாக இருந்தாலும் சரி, தெரு மறுபடி காலி.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை. ரிமோட் கைக்கு வந்ததும் கூடம் கலைந்தது.

என் கட்சிக்கு எதிரான ஒரு சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் அதே ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. சேனல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தபோதும் இவ்வளவு கூட்டம்! ஆனால் படப்பிடிப்பு நின்று எல்லா சேனலும் பழசைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. வெளியே போனால் போலீஸ். 1987-ன் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவும் தேவைப்பட்டது.

போன ஞாயிறு காலை வீட்டில் யார் யார் எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எல்லோரும் ஒரே திரையைத்தான் பார்த்தோம் என்று எழுதினால் நம்ப மாட்டேன்.