யாருடைய புள்ளிகள்?

வணக்கம் ஐயா,

மெல்பர்னில் வரைகலை வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனம் தொல்குடி மக்களுடனான நல்லிணக்கச் செயல்திட்டம் ஒன்றை வெளியிடுகிறது. அட்டைக்குப் 'புள்ளி ஓவியம் மாதிரி ஏதாவது' கேட்டார்கள். இணையத்தில் பார்த்து வரைந்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது, எனக்குத்தான் உறுத்துகிறது. மரியாதையோடுதானே வரைந்தேன், இதில் என்ன தவறு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உறுத்தல் நியாயமானது. அட்டை அச்சுக்குப் போகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அந்தப் புள்ளிகள் மெல்பர்னுக்கு உரியவை அல்ல. நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே, பாலை நிலத்துப் பாப்புன்யாவில், 1971 முதல் அங்குள்ள பெரியவர்கள் தங்கள் சடங்குக் கோலங்களைப் பலகையில் தீட்டத் தொடங்கினார்கள். வெளியார் பார்க்கக்கூடாத குறிகளை மறைக்கவும் புள்ளிகள் உதவின. நீங்கள் இருப்பது வுருண்ட்ஜெரி என்ற தொல்குடி மக்களின் நிலம். ஆஸ்திரேலியத் தென்கிழக்கின் கேடயங்களிலும், பாசம் (possum) என்ற மரவிலங்கின் தோல் போர்வைகளிலும் இருப்பவை கீறிய கோடுகள், சாய்சதுரங்கள். அந்த மக்களுக்கு மரியாதை செய்யும் அட்டையில் அவர்களே இல்லை.

மரியாதை என்கிறீர்கள். 1966இல் வெளியான ஆஸ்திரேலிய ஒரு டாலர் நோட்டிலும் அது இருந்தது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்டைச் சேர்ந்த தொல்குடிக் கலைஞர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்தை அழகாகவே அதில் பதித்திருந்தார்கள். மூதாதை வேட்டைக்காரர் குர்மிரிங்குவின் ஈமச்சடங்கைச் சொல்லும் ஓவியம். வரைந்தவர் உயிரோடு இருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்தபிறகு ரிசர்வ் வங்கி ஆளுநர் கூம்ஸ் 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி சாமான்களும் கொடுத்தார். தன் குலத்தின் சாவுச் சடங்கு ஊரார் பணப்பையிலெல்லாம் மடிந்து கிடப்பதை அவர் எப்படிப் பார்த்திருப்பார்? எனக்கு இன்றும் ஆறவில்லை.

மறுபக்கம் லுரிட்ஜா என்ற தொல்குடியைச் சேர்ந்த ஓவியர் ஹரால்ட் தாமஸ். கறுப்பு மக்கள், சிவப்பு மண், மஞ்சள் சூரியன் என்று அவர் வடிவமைத்த தொல்குடி மக்களின் கொடி 1971 ஜூலையில் அடிலெய்டில் ஏறியது. அரசு அதை ஏற்க 1995 ஆனது. அதற்குள் மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டிருந்தார்கள். வடிவமைப்பால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தக் கொடியைத்தான். அதன் படைப்பாளி அவர்தான் என்று 1997இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2022இல் அரசு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்துப் பதிப்புரிமையை வாங்கியது.

ஆகவே முதலில் வுருண்ட்ஜெரி சமூக அமைப்பிடம் போய்க் கேளுங்கள். மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் அவர்களில் ஒரு கலைஞருக்கு முழுக் கூலி, உள்ளே அவர் பெயர், ஓவியம் இந்த அறிக்கைக்கு மட்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம். நாளைக்கு அது காபிக் கோப்பையில் வரக்கூடாது.

எழுத்துருவும் பக்க அமைப்பும் உங்கள் கையில்தான் இருக்கும். ஓவியத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு முன்னால், அதன்மேல் நிறுவனத்தின் இலச்சினையை வைப்பதற்கு முன்னால், வரைந்தவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.