மூலமா, காரமா?

கேள்வி: மகனின் வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கியபோது அது செங்கபில நிறமாகிவிட்டது. சவர்க்காரத்தில் உள்ள மூலமே காரணம் என்கிறாள் பத்தாம் தரத்தில் படிக்கும் மகள். அவள் பார்க்கும் தமிழ்நாட்டுப் பாடக் காணொளியிலோ அதைக் காரம் என்கிறார்கள். எது சரி? அமிலத்திலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கள் மகள் சரியாகவே சொல்லியிருக்கிறாள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். சவர்க்காரக் கரைசல் மூல இயல்புடையது என்பதால் அதில் சிவந்துவிடும். சிவந்த இடத்தில் அரைத் தேசிக்காயைப் பிழிந்தால், கறை போகாவிட்டாலும், பழைய மஞ்சள் நிறம் திரும்புவதைக் கண்ணாலேயே காணலாம். ஆய்வுகூடத்தில் நீலப் பாசிச்சாயத்தாளை அமிலம் சிவப்பாக்குவதும், சிவப்புத் தாளை மூலம் நீலமாக்குவதும் இதைப் போன்றவையே.

நீரில் கரையும்போது ஐதரசன் அயன்களை (அயன் என்பது மின்னேற்றமுள்ள துணிக்கை) தருவது அமிலம், ஐதரொட்சைட்டு அயன்களைத் தருவது மூலம் என்று 1880களில் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் விளக்கினார். ஆனால் அமோனியாவின் மூலக்கூறில் ஐதரொட்சைட்டே இல்லை. இருந்தும் அது மூலம். 1923இல் புரோன்ஸ்டெட், லோரி ஆகிய இருவரும் தனித்தனியே தந்த விளக்கத்தின்படி, புரோத்தனை, அதாவது ஐதரசன் அயனை, கொடுப்பது அமிலம், ஏற்பது மூலம். அமோனியா நீரிடமிருந்து ஒரு புரோத்தனை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது ஐதரொட்சைட்டு அயன். எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே நிறைவானதாகப்படுகிறது.

இனி, பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். இலங்கைப் பாடநூல்கள் பொதுவகையை மூலம் என்றும், அவற்றுள் நீரில் கரைபவற்றை மட்டும் காரம் என்றும் அழைக்கின்றன. தமிழ்நாட்டிலோ பொதுவகையே காரம், நீரில் கரைவது எரிகாரம். கறுப்புத் தூளான செப்பு ஒட்சைட்டை நீரில் இட்டால் அப்படியே அடியில் படியும். ஐதான சல்பூரிக்கமிலத்தில் இட்டுச் சூடாக்கினால் மெல்ல மறைந்து நீலக் கரைசலாகும். அமிலத்தை நடுநிலையாக்குவதால் அது மூலம், நீரில் கரையாததால் காரம் அன்று. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு சிறிதளவே கரைந்தாலும் காரமாகும்.

அமிலமே ஆபத்தானது, மூலம் சாதுவானது என்று நினைத்துவிட வேண்டாம். அடைத்த குழாய்க்கு இடும் கோஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவியபடி வைத்திய உதவியை நாட வேண்டும்.

பரீட்சையில் மகள் மூலம் என்றே எழுதட்டும். காணொளியில் காரம் என்று கேட்டால் மூலம் என்றும், எரிகாரம் என்று கேட்டால் காரம் என்றும் மாற்றி விளங்கிக்கொள்ளட்டும்.