அடர் மஞ்சள் சிறுநீர்: சிறுநீரகம் பழுதாகிவிட்டதா?

கேள்வி: எனக்கு 41 வயது. கட்டட வேலைகளை மேற்பார்வையிடுகிறேன். வெயில் காலத்தில் பகல் முழுவதும் இரண்டு முறைதான் சிறுநீர் போகிறது. அதுவும் அடர் மஞ்சளாக, சில நாள் நீர்க்கடுப்புடன். சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் சிறுநீரகம் மும்முரமாக வேலை செய்கிறது. அது நாள்பட்டுப் பழுதாகும்போது முதலில் குறையும் திறமைகளில் ஒன்றே சிறுநீரைச் செறிவாக்குவதுதான். அப்படிப்பட்டவர்களுக்கு வெளிறிய சிறுநீர் நிறையப் போகும். இரவிலும் எழுந்துகொண்டே இருப்பார்கள்.

ஒரு நாளில் சிறுநீரகங்கள் வடிகட்டும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எப்படி? மாவடுவுக்கு உப்புப் போட்டு வைத்தால் காய் தானாக நீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே கதைதான். சிறுநீரகத்தின் உட்பகுதியில் கொண்டை ஊசிபோல் வளைந்த நுண்குழாய்கள் உண்டு. ஹென்லே வளைவு என்று பெயர். அவை உப்பை வெளியே இறைத்து, சுற்றியுள்ள திசுவை இரத்தத்தைப்போல் நான்கு மடங்கு வரை செறிவாக்கி வைக்கின்றன. சிறுநீர் கடைசியாக இறங்கும் குழாய் அந்த உப்புக்கு நடுவே போகிறது. குழாயின் சுவரில் வழி திறந்தால் போதும், நீர் தானே வெளியேறி இரத்தத்தில் சேரும்.

வழியைத் திறப்பது வாசோப்ரெசின் என்ற ஹார்மோன். வியர்வையில் நீர் போய் இரத்தத்தின் செறிவு ஓரிரு சதவீதம் ஏறினாலே மூளை அதை அனுப்பிவிடுகிறது. தாகம் பிறகுதான் தெரியும். நீங்கள் தண்ணீரைத் தேடும்போது சிறுநீரகம் சேமிக்கத் தொடங்கி வெகு நேரம் ஆகியிருக்கும். நிறமி அதேதான், நீர் குறைவு. அதனால்தான் அந்த அடர் மஞ்சள்.

ஆனால் இந்தச் சேமிப்புக்கு எல்லை உண்டு. யூரியாவையும் உப்பையும் வெளியேற்ற நாளொன்றுக்கு அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். தினமும் அந்த எல்லையை ஒட்டியே இருந்தால் கல் உருவாக வழி பிறக்கும். எனவே தாகத்துக்குக் காத்திராமல் வேலைக்குக் கிளம்பும்போதே குடியுங்கள்; பிறகு அரை மணிக்கு ஒரு தம்ளர். நீர்மோரும் நல்லது. குடித்த லிட்டரை எண்ண வேண்டாம், நிறத்தைப் பாருங்கள்: வெளிர் மஞ்சள் போதும். காலையில் முதல் சிறுநீர் அடர்த்தியாக இருப்பது இயல்பு. பி வைட்டமின் மாத்திரையாலும் மஞ்சள் கூடும்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வெயிலில் நாவறண்டு வேலை செய்துவிட்டு, உடல் வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் பலர். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தும் நிறம் தெளியவில்லை, கடுப்பு நிற்கவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனையும், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) அளவும் பார்த்துவிடுங்கள். சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போனாலும், கண் மஞ்சளானாலும், கால் வீங்கினாலும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.